நாம் எழுதியது மேடேறிய நாள்

இன்று காலை காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் ஸ்டீயரிங்குக்கு அடியில் கேபிளைச் செருகி, "சாஃப்ட்வேர் மாத்துறோம் மேடம், அரை மணி ஆகும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். என்னால் நகர முடியவில்லை. லேப்டாப் திரையில் சதவீதம் ஏற ஏற, செகந்திராபாத் சைனிக்புரியில் அந்த டிரக்கின் முன்னால் நீ குனிந்து நின்றது கண்ணுக்குள் வந்தது.

மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீசல் எஞ்சினுக்கு சாஃப்ட்வேர் எழுதினோம். நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவள். நீ நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத்காரி. நாம் எழுதியது ஓடும் வண்டியை இருவருமே பார்த்ததில்லை.

பிறகு அந்தப் புகார் வந்தது. மலைக் கிராமங்களுக்குப் போகும் ஒரு மருத்துவ டிரக், ஏற்றத்தில் அணைந்துவிடுகிறது. தேடியதில் காரணம் நான் எழுதிய வரிகள் என்று தெரிந்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றும், சக்கரம் மெதுவாக நகரும். அதைக் கோளாறு என்று எண்ணி டீசலை நிறுத்தும்படி எழுதியிருந்தேன். நீ என் பையை எடுத்துத் தந்தாய். "டென்ஷன் நக்கோ, பயப்படாதே. வண்டியப் பாக்காம எழுதுனோம், அதான். சலோ, போய்ப் பாக்கலாம்."

சைனிக்புரியில் டிரக் நின்றிருந்தது. ஓட்டுநர் வேலூர்க்காரர், ராணுவத்தில் இருந்தவர். கோபமாகப் பேசவில்லை. "போன தடவ உள்ள புள்ளத்தாச்சிப் பொண்ணும்மா. வண்டி நின்னுபோச்சு. கட்டிலோட தூக்கினு நடந்தோம். பொழச்சிக்கிச்சி. நாளைக்கு மறுபடி போவணும்" என்றார்.

திருத்தியதை எஞ்சினின் கன்ட்ரோல் மாட்யூலில் ஏற்ற ஆரம்பித்தோம். அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போயிற்று. பேட்டரிக்குத் துணையாக வைத்த சார்ஜர் அணைந்தது. பாதியில் நின்றால் மாட்யூல் செத்துவிடும், மாற்று கிடையாது. நீ ஓடிப்போய் உன் காரை டிரக்கின் மூக்குக்கு நேராக நிறுத்தி, பேட்டரிக்குப் பேட்டரி ஒயர் கொடுத்தாய். ஒரு கிளிப் பிடிக்கவில்லை. அதை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டு வெயிலில் நின்றாய்.

"எவ்ளோ?"

"எழுபத்தொண்ணு."

"என்னைப் பாக்காதே. ஸ்க்ரீனப் பாரு."

நூறு வந்தபோது உன் விரல்களை நிமிர்த்த முடியவில்லை.

ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நம்மை ஏற்றிக்கொண்டு, பின்னாலிருந்த செங்குத்தான பாறை மேட்டுக்கு வண்டியைத் திருப்பினார். முன்பக்கம் எழும்ப, கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது. எஞ்சின் திணறவில்லை. சக்கரங்கள் பாறையைக் கவ்விக் கவ்வி ஏறின. ஏசி அறையில், டீ ஆறிப்போக நாம் தட்டிய எழுத்துகள் இவ்வளவு பெரிய இரும்பைத் தூக்கிக்கொண்டு போயின. நீ என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகச் சொன்னாய்: "நாம எழுதுனதுடி இது."

பிறகு அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கையில், 'நாங்கள் கவனிக்கத் தவறினோம்' என்று நீ போட்டாய். அந்த 'நாங்கள்' பற்றி நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நோய் உன்னைக் கொண்டுபோய் இரண்டு வருடமாகிறது. கேட்க இனி வழியில்லை.

இப்போதெல்லாம் நான் எழுதியது எந்த வண்டிக்குள் போனாலும், முதலில் அதை ஓட்டுகிறவரைத் தேடிப் போகிறேன். எந்த இடத்தில் பயப்படுகிறார் என்று கேட்டுக்கொள்கிறேன். பிறகு ஓடும் வண்டியின் மேல் உள்ளங்கையை வைக்கிறேன். அந்த அதிர்வு தோள்வரை ஏறுகிறது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை.