கடைசியாக எடுத்த தேதி

இன்று மத்தியானம் என் சின்ன மகள் ஒரு படம் வரைந்து கொண்டுவந்து காட்டினாள். மூன்று வாத்துகள், ஒரு குளம், மூலையில் சூரியன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினேன். இரண்டு ஓரங்களிலும் வரிசையாகத் துளை போட்ட கம்ப்யூட்டர் தாள். பின்பக்கம் முழுக்கப் புள்ளிபுள்ளியான ஆங்கில எழுத்துகளில் தமிழ்ப் புத்தகங்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு தேதி. நான் அடித்த பட்டியல்தான். அலமாரியின் அடியில் ஒரு கட்டு கிடந்திருக்கிறது. அதிலிருந்து கிழித்திருக்கிறாள்.

"ஏம்மா அப்படியே பார்க்கிறீங்க? ராங் பேப்பரா?"

"இல்ல. வரைஞ்சுக்கோ" என்றேன். அடுப்பில் பருப்பு இருந்தது. போய்க் கிளறினேன்.

அவ்வளவுதான் நடந்தது. உன் சாவுக்கு வந்தபோதும் இப்படித்தான். குவீன்ஸ்டவுனில் உங்கள் மாதா கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சுவரில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மாதம் ஆகிறது. இன்னும் அழவில்லை. உனக்கு எழுதினால் ஏதாவது வருமா என்று பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருந்தது. கீழே மிளகாயும் கருவாடும் விற்பார்கள். மேலே நான்கு மேசை, பதினாறு அலமாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றைக் கத்தரித்துத் தைத்த தொகுதியின் முதல் பாகம் என் கையில் இருந்தது, இரண்டாம் பாகம் உன் கையில். நீ பூசை முடிந்து நேராக பஸ் ஏறி வந்திருந்தாய். நான் தோ பாயோவில் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தேன்.

"நீங்க எப்ப முடிப்பீங்க?" என்று கேட்டாய்.

"நீங்க ஏன் இரண்டாம் பாகத்திலிருந்து படிக்கிறீங்க?"

"முதல் பாகம் உங்ககிட்ட இருக்கே லா!"

இருவரும் சிரித்தோம். அடுத்த மாதமே நாம் இருவரும் அங்கே சம்பளமில்லாத உதவியாளர்கள் ஆகிவிட்டோம். 'நீங்க' போய் 'நீ' வந்தது.

வார நாளில் நான் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். நீ எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று நாள் முழுக்கப் பார்க்கிற வேலை. சரியில்லாததை ஒதுக்கித் தள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்தால் உன் வலது கண்ணைச் சுற்றி ஒரு வட்டம் பதிந்திருக்கும். அந்தக் கண்ணோடுதான் மாலையில் புத்தகம் படிப்பாய். "அங்க ஒரே மாதிரி ஆயிரம் பார்க்கிறேன். இங்க ஒண்ணொண்ணும் வேற மாதிரி இருக்கு. கண்ணுக்கு ரெஸ்ட்" என்பாய்.

அப்போது ஆட்கள் வந்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் பத்திரிகைக்காக வரிசையில் நிற்பார்கள். பெண்கள் பைகளில் நாவல்களை அள்ளிக்கொண்டு போவார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அடுக்குமாடி வீடு கிடைத்துத் தேக்காவை விட்டுத் தொலைவாகப் போனவர்கள் பஸ் பிடித்து வரவில்லை. வீடுகளில் டிவி வந்தது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்தார்கள். எண்பதுகளில், சில ஞாயிறுகளில் நாம் இருவர் மட்டும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். வருத்தப்பட்டோமா என்று யோசிக்கிறேன். இல்லை. நிறையப் படித்தோம்.

கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. சங்கத்துக்குத் தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அறை கிடைத்தது. மூன்றில் ஒரு பங்கு இடம். அதே மாதம் ஓர் உறுப்பினர் தம் ஆபிசில் வேண்டாமென்று வைத்த கம்ப்யூட்டரைச் சங்கத்துக்குக் கொடுத்தார். செயலாளர் அதைத் துணி போட்டு மூடி டாக்சியில் கொண்டுவந்தார். நல்ல மனிதர். அந்த நூலகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

"இன்னும் இருபது வருஷத்தில பாருங்கம்மா" என்றார். "ஒரு பிஸ்கட் டின் அளவு பெட்டிக்குள்ள இந்த மாடி முழுக்க அடங்கிடும். பட்டனைத் தட்டினா புத்தகம் வந்து நிக்கும்."

நீ அவரைப் பார்த்துக் கேட்டாய்: "பெட்டிக்குள்ள போடறதுக்கு முதல்ல புத்தகம் இருக்கணும்ல சார்?"

அவர் சிரித்தார். பிறகு கமிட்டியின் முடிவைச் சொன்னார். எல்லாப் புத்தகத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பெயர், எழுதியவர், கடைசியாக எடுத்த தேதி. ஐந்து வருடமாக யாரும் எடுக்காதது புது இடத்துக்கு வராது. எனக்கு டைப்பிங் தெரியும் என்பதால் ஏற்றும் வேலை எனக்கு. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை உனக்கு.

அந்த இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பள்ளியும் பல்லியும் அதில் ஒன்றாகிவிட்டதால், பள்ளிக்கூடப் பாடப் புத்தகமும், பல்லி விழுந்தால் என்ன பலன் என்று சொல்லும் புத்தகமும் அடுத்தடுத்து வந்து நின்றன. நீ அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்தாய். கம்ப்யூட்டர் மீது உனக்குக் கோபமே இருந்ததில்லை. "நான் பாஸ் பண்ணி விட்ட சிப்புல ஒண்ணு இதுக்குள்ள உட்கார்ந்திருக்கும்டி. என் சொந்தக்காரங்க மாதிரி" என்பாய்.

சனிக்கிழமை மத்தியானங்களில் வேலை நடந்தது. நீ புத்தகத்தின் பின்னட்டையைத் திறந்து என் பக்கம் நீட்டுவாய். அதில் ஒட்டியிருந்த தாளில் கடைசித் தேதி முத்திரையைப் பார்த்து அடிப்பேன். ஐந்து மாதம் ஆயிற்று. எல்லாம் முடிந்ததும் தேதி வரிசையில் அடுக்கச் சொல்லி இயந்திரத்துக்குக் கட்டளை கொடுத்தேன். மெல்ல அடுக்கிக் காட்டியது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரே தேதியில் இருபத்து மூன்று புத்தகங்கள் நின்றன. அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது தீபாவளி. நூலகம் பூட்டியிருந்த நாள். அன்று நீ என் வீட்டில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய்.

மரப்படிக்கட்டில் உன்னை நிறுத்திக் கேட்டேன். நீ மறுக்கவில்லை.

"ஆமா, நான்தான். ஆஃப் இருக்கிற காலையில வந்து பழைய தேதி வச்சு முத்திரை குத்தினேன். சாவி என்கிட்டதானே இருக்கு."

"எத்தனை?"

"முந்நூறுக்கு மேல இருக்கும். எண்ணலை. தீபாவளின்னு பார்க்காம விட்டுட்டேன் பாரு."

"ஏன்டி இப்படிப் பண்ணே?"

"ஒரு புத்தகத்தை யாரும் எடுக்கலைன்னா அது வேண்டாத புத்தகமா? எடுக்க வேண்டிய ஆள் இன்னும் வரலைன்னு இருக்கக் கூடாதா?"

"யார் வருவா? என் பெரிய மகளே தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்குது."

"வரலைன்னா போகட்டும். ஆனா வந்து தேடுறப்ப இருக்கணும் லா" என்றாய். பிறகு, "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா இரு. அது போதும்" என்றாய்.

இரண்டு வாரம் சும்மா இருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை செயலாளர் வந்து பட்டியலை நீளமாக மேசைமேல் விரித்தார். போகவேண்டியவை மிகக் குறைவாக இருந்தன.

"எப்படிம்மா? நாலு பேருதான் வர்றாங்க. இவ்வளவும் எடுத்திருக்காங்களா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லிஸ்ட் சரியா இருக்கா?"

நீ நாலடி தூரத்தில், அலமாரியைப் பார்த்து, முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாய். கையில் இருந்த புத்தகத்தை உள்ளே வைக்காமல் அப்படியே நின்றாய்.

"சரியில்லை சார்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதற்குப் பல காரணங்களை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவரே எப்படியும் கண்டுபிடித்திருப்பார் என்று. இடம் போதாது, எல்லாவற்றையும் கொண்டுபோக முடியாது என்று. எதுவும் உண்மையில்லை. அது நான் செய்த பட்டியல். பிழையில்லாமல் அடிப்பவள் என்று ஆபிசில் பெயர் வாங்கியவள் நான். பிழையோடு ஒரு தாளை என் கையால் கொடுக்க எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அவர் உன்னிடம் சாவியைக் கேட்டார். நீ பையைத் துழாவி எடுத்து மேசைமேல் வைத்தாய். "பின்ஜன்னல் கொண்டி சரியா விழாது சார். மழை வந்தா மூணாவது அலமாரி நனையும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாய். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயன்றதாகவும் தெரியவில்லை.

பழைய பேப்பர் எடுக்கும் காராங்குனிக்காரர் லாரியோடு வந்த நாளில் நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்தாய். ராஃபியா கயிறு வாங்கிக்கொண்டு வந்தாய். தரையில் எனக்கு எதிரே உட்கார்ந்து கட்டத் தொடங்கினாய். பகல் முழுக்கக் கட்டினோம். நான் கட்டியதை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "இறுக்கிப் போடு. இறங்கறதுக்குள்ள அவிழ்ந்துடும்" என்றாய். நாள் முழுதும் நீ என்னிடம் பேசியது அதுதான். போகும்போது இரண்டு பை நிறையப் புத்தகம் எடுத்துக்கொண்டாய். உன் அக்கா வீட்டில் நீ படுக்கும் இடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் இடம் இருந்தது. நான் ஒன்றும் எடுக்கவில்லை.

அதன் பிறகு நாம் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிள்ளைகளின் படிப்பைக் கேட்பாய், சொல்வேன். புத்தகங்களைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதைத் தவிர நமக்குள் வேறெதுவும் பெரிதாக இருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நீ மருத்துவமனையில் இருந்தபோது நான்கு ஞாயிறு வந்தேன். முதல் ஞாயிறு நீ கேட்டாய்: "அந்தக் கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?"

"கெட்டுப் போச்சு. ரிப்பேர் பண்ண ஆள் இல்ல. பிளாப்பியைப் புது மெஷின்ல போட்டா படிக்க மாட்டேங்குது."

"அப்ப லிஸ்ட்டும் போச்சா?"

"போச்சு."

நீ சிரித்தாய். இருமல் வரும்வரை சிரித்தாய். தாதி வந்து முதுகைத் தடவினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பாட்டி நம்மைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் வரும்போது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வருவேன். உள்ளே வந்ததும் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுப்பேன். உன் கண் மங்கியிருந்ததால் நாளிதழை வாசிக்கச் சொல்வாய். இரங்கல் அறிவிப்பு முதல் சினிமா விளம்பரம் வரை வாசிப்பேன். நான்காவது ஞாயிறு, வாசித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் சொன்னாய்:

"உனக்குப் பொய் சொல்ல வராது. அது தெரிஞ்சும் புத்தகத்தை உன் கையில கொடுத்தேன் பாரு. அது என் தப்பு."

இது மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. "மேல வாசி" என்றாய். வாசித்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் ஆபிசுக்கு அருகில் உள்ள நூலகத்தில் இப்போது தேதி முத்திரை கிடையாது. புத்தகத்தில் கறுப்புக் கோடுகள் ஒட்டியிருக்கிறார்கள். அதன்மேல் பேனா போன்ற ஒன்றை இழுத்தால் சிவப்பு ஒளி பட்டு 'பீப்' என்கிறது. கவுண்டரில் இருக்கும் தமிழ்ப் பெண்ணிடம், யாரும் எடுக்காததை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியும் ஆன்ட்டி. எது போகுது, எது போகலைன்னு ரிப்போர்ட் வரும். ரொம்ப நாள் போகாதது ஷெல்ஃப்ல இருக்காது."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஆபிஸ் விட்டதும் அங்கே போகிறேன். தமிழ் அலமாரியின் கீழ்த்தட்டில் குந்தி உட்கார்ந்து, பின்னட்டையில் பழைய தாள் இன்னும் ஒட்டியிருப்பவற்றைத் தேடுகிறேன். கடைசி முத்திரை எவ்வளவு பழையதோ அதை எடுக்கிறேன். ஒரு கார்டுக்கு நான்கு. மறுவாரம் கொடுத்துவிட்டு வேறு நான்கு. சிலவற்றைப் படிக்கிறேன். சில நன்றாகவே இல்லை. உனக்குப் பிடித்திருக்காது. பலவற்றைத் திறப்பதேயில்லை.

போன வாரம் அந்தப் பெண் கேட்டாள்: "இதெல்லாம் நிஜமாவே படிக்கிறீங்களா ஆன்ட்டி? யாருமே தொடாத புக்கா எடுக்கிறீங்க."

"எல்லாம் படிக்கிறேன்மா" என்றேன்.

சுலபமாக வந்தது. அவள் ஒவ்வொன்றின் மேலும் பேனாவை இழுத்தாள். நான்கு முறை சத்தம் கேட்டது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கெட்டி அட்டைப் புத்தகங்கள், நல்ல கனம். தோ பாயோ வரும்வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.