நைனா போட்டோவோடு ஒரு வறுவல் கடை

லோகு,

சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்படியில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு சாவியை எதிர்வீட்டில் கொடு.

இன்று மகாபலிபுரம் கடற்கரையில் மீன் வறுவல் கடை போடுகிறேன். வரும் பணமெல்லாம் கணையப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. "நைனா நெனவுநாள்ல அவரு பேரச் சொல்லி பிச்சையா எடுக்கப்போற?" என்று நேற்று கத்தினாய். இன்னும் கத்து, நான் நிறுத்த மாட்டேன்.

நைனாவுக்கு மஞ்சள் காமாலை என்று ஊரே சொன்னது. நாமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். கணையத்தில் கட்டி என்பது கடைசியில்தான் தெரிந்தது. அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க யாராவது வழி தேடியே ஆக வேண்டும்.

கோபம் தீராவிட்டாலும் வா. பேச வேண்டாம், மீன் வெட்டிக் கொடு.

அக்கா

சுவரில் நைனா போட்டோ இல்லையென்று பதறாதே. கடையில் வைக்க எடுத்துப் போகிறேன். மாலையை ஆணியிலேயே விட்டிருக்கிறேன். மாலை போட்டு, செத்துப்போனவரைக் காட்டிக் காசு கேட்டால்தான் அது பிச்சை.