பச்சை நூல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். போய்ச் சேர்ந்த கையோடு எழுதுகிறேன் என்று சொன்னவள் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன், திட்டிக்கொள். ஆனால் இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. முதலில் நீ மட்டும் படி.

ஆறு வாரத்தில் அருங்காட்சியக வேலையை என்னத்தைக் கற்றுத்தரப் போகிறார்கள் என்று கேலி செய்தாயே, இதுவரை கற்றது எதையும் தொடாமல் இருக்க. பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளத்தில்தான் பொருள் கிடங்கு. கையுறை இல்லாமல் நுழைந்தால் ஆசிரியை பார்க்கிற பார்வையில் பாலே திரிந்துபோகும். சாப்பாடு பரவாயில்லை. அறையில் குளிர்தான் அதிகம்.

போன வாரம் ஆளுக்கொரு பொருள் கொடுத்து, கண்காட்சிக்கு நாலு வரி எழுதச் சொன்னார்கள். எனக்கு வந்தது ஒரு கறுப்புக் கோட்டு. பல வருடம் முன்பு கவிழ்ந்த படகிலிருந்து எடுத்ததாம், யாருடையது என்று தெரியாதாம். பஞ்சு அடைத்த உடற்பொம்மையில் மாட்டி, முதுகு என் பக்கம் இருக்க நிறுத்தியிருந்தார்கள். இடது தோள் கொஞ்சம் சரிந்திருந்தது. அண்ணா, 'டேய்' என்று வாய்வரை வந்துவிட்டது.

சுற்றி வந்து முன்பக்கம் பார்த்தேன். இடது பாக்கெட் தைத்து மூடப்பட்டிருந்தது. கறுப்புத் துணியில் பச்சை நூல்.

உனக்கும் மறந்திருக்காது. பெரியவங்க பேசும்போது பாக்கெட்ல கையா, இனிமே எப்படி விடுறேன்னு பாக்குறேன் என்று அம்மா, கறுப்பு நூல் தீர்ந்துபோனதால் கைக்குக் கிடைத்த பச்சை நூலில் தம்பியின் பாக்கெட்டைத் தைத்துப்போட்டாள். நம் சின்னவன் அசருவானா? வலது கையை வலது பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, எனக்கு ஒண்ணே போதும்மா என்றான். அப்பாகூடச் சிரித்தார். பிறகு அதே அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அதே கோட்டோடு கிளம்பினான். எங்கேயோ வேலையில் இருப்பான், கோபம் தணிந்ததும் வருவான் என்று நினைத்தோம். படகு கவிழ்ந்த செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்று பக்கத்தைத் திருப்பினோம்.

அன்றிலிருந்து என் கோட்டை நாற்காலியில் தொங்கவிட பயமாக இருக்கிறது. மடித்துப் பெட்டிக்குள் வைக்கிறேன். மற்றவர்கள் காபிக்குப் போனதும் கிடங்கில் அவனும் நானும்தான். நான் குனிந்து எழுதும்போது அவன் தோள் அசைகிறது. குளிர்சாதனக் காற்று என்கிறார்கள். இருக்கட்டும். நான் அவனோடு பேசுகிறேன். உனக்குப் பெண் பிறந்ததைச் சொன்னேன். அப்பா போய்விட்டதைச் சொல்ல வாய் வரவில்லை.

வகுப்பே அந்தப் பாக்கெட்டைப் பற்றித்தான் பேசுகிறது. உள்ளே ஏதோ முக்கியமானதை வைத்துத் தைத்திருப்பார் என்று ஆளாளுக்கு அடித்துச் சொல்கிறார்கள். படிப்பு முடிகிற நாளில் எல்லோர் முன்னாலும் ஆசிரியை தையலைப் பிரிக்கப் போகிறார். உள்ளே ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், அவன் வருவான் என்று அம்மா தினமும் வாசலில் விளக்கு போடுகிறாளே, அது என்ன ஆகும்? சொல்லாவிட்டால், அம்மா போட்ட முடிச்சை முன்பின் தெரியாத யாரோ வெட்டி எறிவார்கள். அதை என்னால் நின்று பார்க்க முடியாது அண்ணா.

நாளை ஆசிரியையிடம் சொல்லிவிடப் போகிறேன். நீ அம்மாவை அழைத்துக்கொண்டு வா. அவளிடம் நீயே சொல், அண்ணி பக்கத்தில் இருக்கட்டும். அவள் மூக்குக் கண்ணாடியை மறந்துவிடாதே. தையல் டப்பாவில் இருக்கும் சின்னக் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொள். பிரிக்க வேண்டும் என்றால் அவளே பிரிக்கட்டும். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றால், இருக்கட்டும்.

பாப்பாவுக்கு என் முத்தம். பத்திரமாக வாருங்கள். கிளம்பும்போது வாசல் விளக்கை மட்டும் நீ அணைத்துவிடாதே.

உன் தங்கை