ஏழு கொக்கும் இரண்டு கத்திரியும்

8-2-2004, மனாமா, பஹ்ரைன்

விடியவே மழை. எங்கள் குதைபியா தெரு முழுக்கக் கணுக்கால் தண்ணீர். கப்பல்போல மிதந்து தையல் கடைக்கு டூட்டிக்கு வந்து சேர்ந்தேன்.

ஜப்பான் அம்மா ஒருத்தர் கிமோனோ கொண்டுவந்தார். கக்கத்தில் தையல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். கருநீலப் பட்டு. கீழ்விளிம்பில் வெள்ளை நூலில் ஏழு கொக்கு. நாற்பது வருஷ சர்வீஸில் இப்படி ஊசி வேலை பார்த்ததில்லை. (சர்வீஸ் இருபத்தாறுதான். இருக்கட்டும்.)

அந்த அம்மா போனதும் முதலாளி அளந்தார். கீழக்கரைக்காரர், தங்கமான மனுஷன், கையில் நாடா இல்லாதவரை. உடுப்பு அந்த அம்மாவைவிட ஒரு அடி நீளமாம். யாரும் கேட்காமலே சீட்டில் எழுதிவிட்டார்: அடியில் 12 இஞ்ச் வெட்டவும்.

வெட்ட மாட்டேன் என்றேன்.

9-2

வெயில். கக்கம் தைத்து முடித்தேன். உள்ளே மிச்சத் துணி துளிகூட வெட்டவில்லை, மடித்தே விட்டிருக்கிறான் இதைத் தைத்த மகராசன். இடுப்பைச் சுற்றி ஒரு பழைய மடிப்புத் தடம். கூடுதல் நீளத்தை அங்கே சுருட்டிக் கட்டுவார்கள்போல, நம் கைலி மாதிரி. முதலாளியிடம் காட்டினேன். சூட்கேஸ் மடிப்பாம்.

"வெட்டலேன்னா லீவு மாஃபி, அண்ணே" என்றார். மாஃபி என்றால் அரபியில் கிடையாது.

அடுத்த மாதம் தங்கச்சி மகள் கல்யாணம். தாய்மாமன் நான் போகாவிட்டால் அன்றைக்குச் சூரியன் உதிக்காது. மூன்று வருஷம் காத்திருந்த லீவு. என் பாஸ்போர்ட் அவர் பெட்டியில். ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"காலை எடுத்துட்டா கொக்கு எதுல முதலாளி நிக்கும்?"

அப்போ நாளைக்கு நானே வெட்டுறேன் என்று சொல்லி, அஸர் தொழுகைக்குப் போனார். கடையின் கத்திரி இரண்டும் என் ரூமுக்குப் போய்விட்டன. கட்டிலடியில், என் பெட்டியில், பூட்டோடு.

10-2

காற்று. கண்ணெல்லாம் மணல். கத்திரி இல்லாமல் கடையில் வேலை கலாஸ், அடியோடு நின்றுவிட்டது. பங்களாதேஷ் மாஸ்டர் ஆலம் பாய் நூலைப் பல்லால் கடிக்கிறார். முதலாளி பக்கத்து சலூனில் மீசைக் கத்திரி கடன் வாங்கிவந்து கிமோனோவை மேசையில் விரிக்க, உள்ளே வந்தார் ஜப்பான் அம்மா.

தைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். போட்டிருந்த உடுப்பின் மேலேயே கிமோனோவை அணிந்து, நீளத்தை இழுத்துத் தூக்கி, கயிறு கட்டினார். மடிப்பு அதே தடத்தில் விழுந்தது. ஏழு கொக்கும் தரையில் காலூன்றி நின்றன. எனக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். நானும் குனிந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

அவர் போனபின் முதலாளி சீட்டைக் கிழித்தார். லீவைப் பற்றி மூச்சில்லை. கத்திரி எங்கே என்று மட்டும் கேட்டார்.

"உங்க கத்திரி என் பெட்டியில. என் பாஸ்போர்ட் உங்க பெட்டியில. எதை முதல்ல திறப்போம், முதலாளி?"