மதினிக்காகப் போட்ட மொட்டை

மதினி,

இன்று வெள்ளனே பக்கத்துத் தோட்டத்தில் முட்டைக்கோஸுக்கு மருந்தடித்தார்கள். அந்த நெடி ஏறியதும் என் கை தானாகத் தலையைத் தடவிப் பார்த்தது. முடி இருக்கிறது.

மதுரை ஆஸ்பத்திரியில் உங்கள் மார்புக் கட்டிக்கு மருந்து ஏற்றியபோது, குணமானால் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டீர்கள். கட்டி கரைந்தது. ஆனால் அந்த மருந்திலேயே முடியெல்லாம் கொட்டிவிட்டது. முடி முளைக்கும் முன்பே கட்டி திரும்பி வந்தது. பழைய மருந்துக்கு அசையவில்லை.

"முருகனுக்குச் சொன்ன முடிய ஆஸ்பத்திரியில பெருக்கித் தள்ளிட்டாங்க. அவரு சும்மா விடுவாரா? முடி வளந்து மொட்ட போட்ட பெறகுதான் அடுத்த மருந்து" என்று நம் ஊர் பூம்பாறைக்கே வந்து உட்கார்ந்துகொண்டீர்கள்.

நான் தனியாகப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "சாமி கோவமில்லம்மா. மொத மருந்துக்குத் தப்பிச்ச செல்லுங்க பெருகியிருக்கு. உள்ள போற மருந்த வெளிய தள்ளப் பழகிருச்சு. வேற மருந்து வெரசா குடுக்கணும். முடி வளர்ற வரைக்கும் அவங்க இருக்க மாட்டாங்க."

ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் புரிந்தது. ஒரே மருந்தை அடிக்க அடிக்க நம் கோஸ் புழுவும் அப்படித்தானே கொழுத்தது! அதைச் சொன்னால், "புழு என்ன வேண்டுதலா வச்சுச்சு?" என்று என் வாயை அடைத்தீர்கள்.

மறுநாளே பழனிக்குப் பஸ் ஏறினேன். திரும்பி வந்து உங்கள் முன்னால் முக்காட்டை எடுத்தேன். "ஒங்க வேண்டுதலு தீந்துபோச்சு. கெளம்புங்க."

இடுப்பு வரை கிடந்த என் கூந்தல் போன இடத்தையே பார்த்தீர்கள். அப்புறம் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏத்தா, ஒன்னயப் பாத்து என் தம்பி அலறியிருப்பானே!"

"பூசணிக்காய் தட்டுற மாதிரி தட்டிப் பாத்தாருங்க."

ஆஸ்பத்திரியில் இரண்டு மொட்டைகளைப் பார்த்த நர்ஸ் என் கையைப் பிடித்து ஊசி ஏற்றப் போனார். நீங்கள் தடுக்கவில்லையே! "அவளுக்கே போடுங்க சிஸ்டர். எனக்குப் பதிலா எல்லாத்தையும் அவதான் செய்யிறா" என்றீர்கள்.

அந்த மருந்து இரண்டு பூண்டு அறுவடை வரை உங்களைக் காத்தது. பிறகு அதையும் வெளியே தள்ளக் கற்றுக்கொண்டன அந்தப் பாவிச் செல்கள். மருந்தை நிறுத்தியபின் உங்கள் தலையில் விரலளவு முடி முளைத்தது. அதில் என் கையை எடுத்து வைத்து, "இது முருகனுக்கில்ல, ஒனக்கு" என்றீர்கள்.

என் பேத்தி தலை சீவிவிடும்போது, "இந்த வயசுல எம்புட்டு முடி பாட்டி!" என்கிறாள்.

"பாதி ஒங்க பெரிய பாட்டியோடது" என்கிறேன், பெருமையாக.