ஆட்டு ஓட்டையின் பெயர்

1953 செப்டம்பர் 8
மழை இல்லை. பக்கத்துப் பண்ணை ஆமோஸோடு அவன் மேல்வயலில் கல் சுவர் கட்டினேன், ஆறு கஜம். நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து மிஸ் ஹார்வுட் என்று ஒரு பெண் நோட்டோடு வந்தாள். எங்கள் பள்ளத்தாக்கில் எதற்கு என்ன பெயர், அது எப்படி வந்தது என்று எழுதுகிறாளாம். சுவரடியில் ஆடு நுழைய நாங்கள் விடும் ஓட்டையைக் காட்டிக் கேட்டாள். ஆட்டு ஓட்டை என்றுதான் சொல்வோம். என் வாய் சும்மா இருக்குமா? "டோர்கஸ்" என்றேன். அந்தக் காலத்துப் பாதிரியார் மனைவி டோர்கஸ், கிடாயைத் துரத்திப் போய் இதில் மாட்டிக்கொண்டாள், மூன்று பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள் என்றும் அளந்தேன்.

ஆமோஸ் முகம் மாறாமல், "நாலு பேரு" என்றான்.

ஊர் வழக்கம் அது. வெளியாளிடம் ஒருவன் கதை விட்டால் மற்றவன் முட்டுக் கொடுக்க வேண்டும். முதலில் சிரிப்பவன் எல்லோருக்கும் பீர் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 9
மதுக்கடையில் ஐந்து பேர் அவளிடம் டோர்கஸ் என்றே சொல்லியிருக்கிறார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை. ராஸ்கல்கள்.

செப்டம்பர் 21
மிஸ் ஹார்வுட் விடைபெற வந்தாள். என் மனைவி நோரா தேநீர் கொடுத்தாள். சேர்த்த சொற்களிலேயே டோர்கஸ்தான் முத்தாம். அடுத்த மாதம் பேராசிரியர்கள் முன்னால் வாசிக்கப் போகிறாள். பிடித்தால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் அக்காவின் தொப்பிக் கடைக்கே திரும்ப வேண்டும். நான் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

செப்டம்பர் 22
போதும், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றேன் ஆமோஸிடம்.

"எதைச் சொல்லணும்? எங்கப்பா டோர்கஸ்னுதானே சொல்வாரு."

கண்கூடச் சிமிட்டவில்லை. விளையாடுகிறானா? அவன் அப்பாவிடம்தான் நான் சுவர் கட்டப் பழகினேன். அவர் வாயில் கேட்டதுதான் என் வாயில் வந்ததா? நானே இட்டுக்கட்டியதா? ஐயோ, ஒண்ணும் புரியலையே.

அக்டோபர் 3
யாரையும் கிண்டல் செய்து பத்து நாளாயிற்று. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள் நோரா.

அக்டோபர் 12
கோட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நகரத்துக்குப் போனேன். டோர்கஸ் என் கட்டுக்கதை என்று மிஸ் ஹார்வுட்டிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"மிஸ்டர் ஐவ்ஸன், இப்பத்தான் நீங்க என்னைக் கலாய்க்கிறீங்க."

பொய்யை நம்பினவள் மெய்யை நம்பவில்லை.

"இல்லம்மா. நான்தான் கட்டிவிட்டேன்னு நெனைக்கிறேன். ஆமோஸ் அவங்கப்பா சொன்னதுங்கறான். எது நெசம்னு எனக்கே தெரியலை. உன் வேலை போயிடக் கூடாது, அதான் வந்தேன்."

சிரிப்பு நின்றது. பிறகு பேனாவைத் திறந்து, என்றைக்குச் சொன்னேன் என்று மட்டும் கேட்டாள். செப்டம்பர் எட்டு, மழை இல்லை என்றேன்.

நவம்பர் 2
மிஸ் ஹார்வுட்டின் கடிதம். நோரா இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். சொல்லையும் என் வாக்குமூலத்தையும் சேர்த்தே வாசித்தாளாம். பேராசிரியர்கள் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்களாம். பெரும்பாலான சொற்களை முதலில் யார் சொன்னது என்றே தெரியாது, இதற்காவது சந்தேகப்பட ஓர் ஆள் கிடைத்தான் என்றாராம் ஒருவர். வேலை கிடைத்துவிட்டது.

அந்தப் பெயரை நான் இட்டுக்கட்டினேனா இல்லையா என்று மட்டும் யாரும் முடிவு சொல்லவில்லை.

1954 ஏப்ரல் 17
ஆலங்கட்டி மழை. குட்டி போடும் காலம், உட்கார நேரமில்லை. எங்கள் வயலிலிருந்து நோரா கத்தினாள்: "கிளிஃப், குட்டி டோர்கஸ்ல மாட்டிக்கிச்சு, ஓடி வா." ஓடினேன். இருவரும் சேற்றில் மண்டியிட்டு இழுத்து எடுத்தோம். பிழைத்துவிட்டது. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. வீடு வந்து காலணியைக் கழற்றும்போதுதான் அவள் ஆட்டு ஓட்டை என்னாமல் டோர்கஸ் என்றது எனக்கு உறைத்தது.

அடுத்த சுவரில் டோர்கஸைக் கொஞ்சம் அகலமாக வைக்க வேண்டும்.