ஜொனியின் காலும் ஸ்ரனிஸ்லஸின் கெளிற்று முள்ளும்

மாதா துணை
அளம்பில்

அன்புள்ள மகன் டினோஜனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், எங்கள் கருவாட்டு வாடி சுகம், கடலும் இந்த மாதம் பரவாயில்லை, உன்ர ஜொனிக்கு மட்டும் மூன்று கால்தான் சுகம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் கோபமாய்க் கதைத்தால் நீ சிரித்தே அதைக் கரைத்துவிடுவாய். இந்தக் கோபம் கரையக் கூடாது என்பதால் கனடா வருகிற கமலாசனி ரீச்சரின் பெட்டிக்குள் பாரைக் கருவாட்டோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

நடந்ததைக் கேள். போன மாதம் ஒருநாள் விடிய ஜொனி வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு வந்து வாடி வாசலில் படுத்தது. விரலிடுக்கில் சின்னத் துளை, சுற்றிலும் சிவந்து வீக்கம், விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. முதலில் உண்ணி என்று நினைத்து இடுக்கிடுக்காய்ப் பார்த்தேன், இல்லை. மீனுக்கு உப்புப் போடுகிற தரையில் திரிகிறதே, உப்பு அரித்திருக்குமோ என்று நல்ல தண்ணீரில் கழுவினேன், அதுவும் இல்லை. பிறகுதான் துளையை வடிவாகப் பார்த்து இது கெளிற்று மீனின் முள்ளுக் குத்தினதென்று கண்டுகொண்டேன். எங்கள் ஆட்களுக்குக் கெளிறு குத்தினால் என்ன செய்வோம், பொறுக்கிற சூட்டில் சுடுதண்ணீருக்குள் காலை வைப்போம், கடுப்பு இறங்கிவிடும். அதையே இதற்கும் செய்தேன். முனகல் நின்றது, சோறு தின்றது, மாறிவிட்டதென்று நானும் மீன் எடுக்கப் போய்விட்டேன். மனிசனென்றால் உள்ளுக்குள் குத்துது என்று சொல்லுவான், நாய் எப்படிச் சொல்லும். சுடுதண்ணீர் கடுப்பைத்தான் எடுத்தது, உள்ளே முறிந்து நின்ற முள்ளை எடுக்கவில்லை. சில நாளில் பாதம் பணியாரம் மாதிரி ஊதி, சீழ் வைத்து, கிட்டப் போனால் என்னையே உறுமியது. ஓட்டோ பிடித்துப் புதுக்குடியிருப்புக்கு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவா சின்னப் பிள்ளைதான், கை மட்டும் கெட்டித்தனம். விறைக்க ஊசி போட்டுக் கீறி, வாள் பல்லு மாதிரி ஒரு முள்ளுத் துண்டை எடுத்தா. இன்னும் பிந்தியிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும், அழுகல் ஏறியிருந்தால் காலையே எடுத்திருப்பேன் என்றா. நோவுக்கு எங்கள் தலையிடிக் குளிசை ஒன்று கொடுக்க நினைத்ததையும் சொன்னேன், அதற்கு விழுந்தது பேச்சு, “மனிசற்ற குளிசையைக் குடுத்தா ஈரல் போயிடும் அம்மா, கால் நோவோட வந்த நாயைப் புதைக்கவே பாக்கிறியள்” என்று. இப்போது காலையும் மாலையும் கொதித்தாறின தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றி, மருந்து பூசி, துணியைத் தளர்வாய்ச் சுற்றுகிறேன், இறுக்கிக் கட்டினால் வீக்கம் கூடுமாம். நக்காமலிருக்கப் பழைய வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். கோயில் ஒலிபெருக்கிக்குக் கால் முளைத்த மாதிரித் திரிகிறது.

இனி ஆளுக்கு வருகிறேன். கெளிறு எடுக்கிறவன் அதன் முள்ளை முறித்துத் தகர ரின்னுக்குள் போட்டுப் புதைக்க வேண்டும், கரைவலை இழுக்கிறவர்கள் வெறுங்காலோடு நிற்கிறவர்கள், இது எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பருவத்தில் கெளிறு காயப்போடுகிறவன் பக்கத்து வாடி ஸ்ரனிஸ்லஸ் ஒருவன்தான். ஜொனி நுழைந்து போய்வருகிற வேலிப் பொட்டுக்கு நேரே அவன் கூட்டித் தள்ளின முள்ளுக் குவியலை என் கண்ணால் கண்டேன். போய்க் கேட்டேன். கதிரையில் இருந்து காலாட்டிக்கொண்டு, “கடற்கரையெண்டா முள்ளுக் கிடக்கும்தானே புனிதமக்கா, நாய்க்குச் சப்பாத்து வாங்கிப் போடுங்கோவன்” என்றான். அவனுடைய வேலையாட்களும் சிரித்தார்கள். தெரியாமல் நடந்துவிட்டது அக்கா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன் மகன். சப்பாத்தை விடமாட்டேன்.

நான் சண்டை பிடிக்கவில்லை, யாவாரம் செய்கிறவள் சத்தம் போட்டால் நட்டம். ஜொனியின் காலில் எடுத்த முள்ளைச் சின்னப் போத்தலில் போட்டுக்கொண்டு ஞாயிறு பூசை முடிய எங்கள் வாடிகளுக்கு மீன் தருகிற கரைவலைக்காரர் யாக்கோப்புச் சம்மாட்டியின் வலையாட்கள் நின்ற இடத்துக்குப் போனேன். இது ஸ்ரனிஸ்லஸின் குப்பையில் கிடந்தது, நாளைக்கு ஆரின்ர காலுக்குள்ள போகுமோ தெரியாது என்று மட்டும் சொல்லிப் போத்தலைக் கைமாற்றிக் கொடுத்தேன். எல்லாரும் குனிந்து தங்கள் தங்கள் காலைப் பார்த்தார்கள். கரை துப்புரவாகி, புனிதமும் சரியென்று சொன்னால்தான் அவனுக்கு மீன் என்று சம்மாட்டி சொல்லிவிட்டார். அவனுடைய பங்கையும் இப்போது நான்தான் எடுக்கிறேன், அவன் கருவாடு காயப்போடுகிற பரணில் காகம்கூடக் குந்துவதில்லை. நேற்று அவனே குனிந்து முள்ளுப் பொறுக்கினான். நான் கதிரையைக் கொண்டுபோய் வாசலில் போட்டு இருந்து பார்த்தேன், “சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பொறுக்கு தம்பி, குத்தும்” என்றும் சொன்னேன். பாதர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார், ஆருக்கு என்று விளங்கியது, மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்துவிட்டேன்.

கரை துப்புரவாகிவிட்டது, நான்தான் இன்னும் சரி சொல்லவில்லை. அதனால் அவன் தன் மகன் நிரஞ்சன் மூலமாக உன்னைப் பிடிப்பான், நீங்கள் ஒரே அறையில் இருக்கிறவர்கள். நிரஞ்சனில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, பார்சலில் அவனுக்கும் கருவாடு இருக்கிறது, குறைக்காமல் கொடு. ஆனால் அவன் தகப்பனுக்காக என்னிடம் வாய் திறக்காதே. ஸ்ரனிஸ்லஸ் சிரித்த அதே ஆட்களுக்கு முன்னால் என் வாசலுக்கு வந்து, ஜொனியின் காலைப் பார்த்து, பிழை என்று சொல்லட்டும், அதற்குப் பிறகு யோசிப்பேன்.

இன்னொன்று. இன்று காலை ஜொனி முதல் தடவையாக நாலு காலையும் ஊன்றி நடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கே போனது தெரியுமா, அதே பொட்டால் நேரே ஸ்ரனிஸ்லஸின் வாடிக்கு. வாளியும் கழுத்துமாய் அவன் காலடியில் படுத்து வாலாட்டியது, அவனும் முதுகைத் தடவிக்கொண்டு வேலிக்கு மேலால் என்னைப் பார்த்தான். அது நாய், மறந்துவிட்டது. நிரஞ்சன் கேட்டால் சொல், புனிதம் நாயில்லை.

மாதா உன்னையும் உன் வேலையையும் காப்பாற்றுவா. பனியில் நடந்து வந்தால் ஈரக் காலுறையோடு இராதே, விரலிடுக்கைத் துடை, சின்னப் புண்தானே என்று விடாதே.

இப்படிக்கு
மறக்காத அம்மா
புனிதம்